பதுளைத் தோட்டப் பாதைகளும் பழுதாகும் மோட்டார் சைக்கிள்களும்

ஊவாவின் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் என்று எண்ணுகிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். கடல் கடந்தும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வெளிக்கள உத்தியோகத்தர்களிடம் மட்டுமே காணப்பட்ட அந்த வாகனம் இன்று லயன் வாசல்களில் நிற்கிறது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுல, அப்புத்தளை என்று பரந்து கிடக்கும் தோட்டங்களில் மேற்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்குப் போவதற்கும் பஸ் கிடைப்பது அரிது. மரக்கறி விற்கப் போகிறவர், பதுளை நகரக் கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர், சாதாரணதரப் பரீட்சைக்கு மகளை ஏற்றிச் செல்லும் தகப்பன், நடுநிசியில் காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு விரையும் குடும்பம் ஆகிய அனைவருக்கும் அதுவே துணை. ஆகவே அது வழியில் நின்றால் ஒரு நாட்சம்பளம் போகலாம், ஒரு பரீட்சை போகலாம், சில வேளைகளில் உயிரே போகலாம்.

நான் படித்தது கலைப்பிரிவு. எந்திரவியலில் எனக்குப் பட்டமோ பயிற்சியோ கிடையாது. ஆயினும் செய்தி தேடி இந்தப் பாதைகளில் நெடுங்காலம் திரிந்தவன் என்ற முறையில் ஒன்றைத் துணிந்து கூறுவேன். வழியில் நின்றுபோகும் வண்டிகளிற் பெரும்பாலானவை சிறு காரணங்களுக்காகவே நிற்கின்றன. காரணத்தைத் தேடாமல் பாகங்களை மாற்றுவதுதான் நம்மவர் பணத்தைத் தின்கிறது. தேடும் முறையைத் தமிழில், எழுத்தில், ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பார் இல்லாமையே இந்நிலைக்கு மூலகாரணம்.

அம்முறை கடினமானதன்று. எஞ்சின் இயங்குவதற்குப் பெற்றோல், காற்று, உரிய நேரத்தில் விழும் தீப்பொறி, உள்ளே போதிய அமுக்கம் ஆகியவை வேண்டும். செலவில்லாததை முதலிலும் செலவு மிகுந்ததை இறுதியிலும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். முதலில் கைப்பிடியில் உள்ள எஞ்சின் சுவிட்ச். பிள்ளைகள் விளையாட்டாக அழுத்திவிட்டுப் போன சுவிட்சுக்காகக் கராஜ் வரை தள்ளிச் செல்லப்பட்ட வண்டிகளைக் கண்டிருக்கிறேன். அடுத்து, பெற்றோல் திறப்பும் தாங்கியில் உள்ள அளவும். இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நின்று, சற்றுப் பொறுத்து மீண்டும் இயங்குகின்ற வண்டியெனின், தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கக்கூடும். மூடியைத் திறந்து மூடியதும் வண்டி ஓடினால் நோய் அதுவே. துவாரத்தைச் சுத்தம் செய்யக் காசு தேவையில்லை.

அதன் பின்னரே பிளக். அதைக் கழற்றி மீண்டும் அதன் தொப்பியிற் பொருத்தி, உலோகப் பகுதி எஞ்சினின் உடலைத் தொடும்படி வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். வெறும் கையால் பிடிக்கக் கூடாது. பிளக் துவாரத்துக்கு அருகிலும் வைக்கக் கூடாது, வெளிவரும் பெற்றோல் ஆவி தீப்பற்றும். நீல நிறத்தில் திடமான பொறி வந்தால் மின்சாரப் பக்கம் நலம். மங்கலான பொறி வந்தாலோ பொறியே வராவிட்டாலோ, முதலில் பிளக், பிறகு தொப்பி, பிறகு வயர் என்று பார்த்த பின்னரே கொயிலையும் சீ.டீ.ஐ. பெட்டியையும் சந்தேகிக்கலாம். பிளக்கின் முனை ஒரு சாட்சியும்கூட. இளம் பழுப்பு நிறம் நல்ல அறிகுறி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடேறுகிறது.

ஊவாவின் சுவாத்தியம் இந்த நோய்களுக்குத் தனி முகம் தருகிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் தேடித் தரும் ஜூலை, ஆகஸ்ட் மாதத்து வறண்ட காற்று, தோட்டப் பாதையின் புழுதியைக் காற்று வடிகட்டிக்குள் நிரப்புகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையும் மூடுபனியும் பிளக் தொப்பிக்குள்ளும் வயர் இணைப்புகளுக்குள்ளும் ஈரத்தைப் புகுத்துகின்றன. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல். அந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஏழு பங்களவு குறைகிறது. கார்பரேற்றர் பூட்டிய பழைய வண்டிக்கு இது தெரியாது. வழக்கமான பெற்றோலையே கொடுத்துக்கொண்டிருக்கும். மேலே போனதும் வண்டி இழுக்கவில்லை என்றால் அது எஞ்சினின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் மட்டும் கிளச்சைப் பாருங்கள். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் தளர்வை; தட்டுகளை மாற்றுவது பிறகு.

பற்றரி விடயத்திலும் இதே அவசரம்தான். வண்டி நின்றிருக்கும்போது நல்ல 12 வோல்ற் பற்றரி ஏறத்தாழ 12.6 காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை உயர வேண்டும். உயராவிட்டால் புதிய பற்றரியும் சில நாட்களில் இறந்துபோகும். குறை சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் கெட்டிருக்கிறது. பல்புகள் அடிக்கடி எரிந்துபோவதன் காரணமும் அதுவாக இருக்கலாம். ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் எங்கோ ஒரு வயர் உரசுகிறது என்பது பொருள். அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது நம் நாட்டு வழக்கம். ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வண்டியே எரிய அது வழிசெய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மழைக்கால மாலையில் என் வண்டியும் நின்றது. கராஜ் ஒன்றில் சீ.டீ.ஐ. பெட்டி பழுது என்றார்கள், மாற்றினார்கள், பணம் வாங்கினார்கள். மறுநாள் மழையில் மீண்டும் நின்றது. தோட்டத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பிளக் தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த மயிரிழை வெடிப்பைக் காட்டினார். "தம்பி, பெட்டிக்கு ஒண்ணும் இல்ல, தொப்பி நனைஞ்சிருக்கு" என்றார். மழைநாளில் மட்டும் வரும் நோய்க்கு மழை புகும் இடத்தைத்தான் முதலிற் பார்க்க வேண்டும் என்ற அந்தத் தர்க்கம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் குறைந்ததன்று.

நின்றுபோகும் வண்டியை விட ஆபத்தானது நிற்காத வண்டி. 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று மோட்டார் சைக்கிளுக்கு அளந்து கொடுத்த நாட்களில், எஞ்சினை அணைத்துவிட்டு மலைச்சரிவில் உருட்டிவிடும் பழக்கம் பெருகியது. பங்கீடு 2023இல் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. எஞ்சினின் தடுப்பு இல்லாமல் பிரேக் மட்டும் சுமையைத் தாங்கும்போது அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. பல சிறிய வண்டிகளில் முன்விளக்கும் அணைந்துவிடும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து உயிர்களுக்குக் குறையாமல் பறிபோயின. நம் சரிவுகள் எவ்வளவு ஆழமானவை என்பதை வேறு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்ற பழைய பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ரூபாயும் விழுந்தது. பழைய வண்டிகளே மேலும் பழையனவாகி ஓடின. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளமோ 2021இல் 1000 ரூபாய், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய். தேவையில்லாமல் மாற்றப்படும் ஒரு பாகம் எத்தனை நாள் கொழுந்துக்குச் சமம் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்.

மொழிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி. சாரதி அனுமதிப்பத்திர எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். ஆனால் வண்டியோடு வரும் கைநூலை நம் இளைஞர் வாசிக்க முடிவதில்லை. தொழிற்பயிற்சியில் தமிழ்மொழி மூல வகுப்புகள் போதவில்லை என்பது தோட்டங்களில் நான் ஓயாமல் கேட்கும் முறைப்பாடு. தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் யூடியூப் காணொளிகள் ஓரளவு கைகொடுக்கின்றன. ஆயினும் அவர்களுடைய வெயில் வேறு, நம்முடைய மூடுபனி வேறு.

நான் கேட்பது பெரிதன்று. வண்டி விற்பவர்கள் தமிழ்க் கைநூலும் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன ஒழுங்கை ஒரே தாளில் படத்துடன் அச்சிட்டு, தோட்டச் சனசமூக நிலையங்களிலும் கோயில் மடங்களிலும் ஒட்டலாம். தொழிற்சாலைகளில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்பிக்கலாம். கும்பாபிஷேகத்துக்கு மனமுவந்து பணம் அனுப்பும் வெளிநாட்டு நண்பர்கள், அதே ஊர் இளைஞர்களுக்கு ஒரு மல்ரிமீற்றரும் ஒரு பெட்டி ஸ்பானரும் வாங்க ஒரு சிறு தொகையைச் சேர்த்து அனுப்பலாம். தெய்வம் கோபித்துக்கொள்ளாது.