சப்பைத் தண்டும் எட்டு மொட்டும்



கோடைமழைக்குப் பிறகு வந்த படங்களில் ஒன்றை இந்த இதழ் வேலை முடியும்வரை மேசையிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. முத்துப்பேட்டை வாசகி ஒருவர் அனுப்பியது. வாசலோரம் வைத்த சிவப்பு லில்லி. அந்தச் செடி வழக்கமாக உருண்டையான ஒரு தண்டை நீட்டி, உச்சியில் இரண்டு முதல் நான்கு பூ வைக்கும். படத்தில் தண்டு சப்பையாக, இரண்டு விரல் அகலத்துக்கு, நடுவில் நெடுக ஒரு பள்ளத்தோடு நிற்கிறது. உச்சியில் எட்டு மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. விரிந்துவிட்ட ஒரு பூவில் ஆறு இதழுக்குப் பதிலாகப் பதினொன்று. “பக்கத்து வீட்டுப் பாட்டி பிடுங்கிப் போடச் சொல்கிறார், வீட்டுக்கு ஆகாதாம். என்ன செய்யட்டும்?” என்று கேட்டிருக்கிறார்.

வைத்திருங்கள் சகோதரி. செடிக்கும் கெடுதல் இல்லை, வீட்டுக்கும் இல்லை.

செடியின் தண்டும் இலையும் பூவும் குருத்தின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேட்டில்தான் உருவாகின்றன. அந்த மேடு வட்டமாக இருக்கிறவரை தண்டு உருண்டையாக வரும். எதனாலோ அது பக்கவாட்டில் நீண்டு ஒரு கோடுபோல ஆகிவிட்டால், அதிலிருந்து எழும் தண்டும் பட்டையாகத்தான் எழும், மொட்டும் கூடும். சில சமயம் கிழங்குக்குள்ளேயே இரண்டு தண்டுகள் ஒட்டிப் பிறந்துவிடும். படத்தில் தெரியும் பள்ளத்தைப் பார்த்தால் இது அந்த வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. லில்லிப் பூவின் கணக்கு மூன்றின் மடங்கு: ஆறு இதழ், ஆறு மகரந்தத் தாள், மூன்று அறைச் சூலகம். எட்டு, பத்து, பதினொன்று என்று இதழ் வந்தால் இரண்டு பூக்கள் ஒன்றாகிவிட்டன என்று ஊகிக்கலாம். மழை பெய்த மறுநாள் கூட்டமாகப் பூக்கும் மழை லில்லியிலும் இப்படி ஒன்றிரண்டு கிடைக்கும். குழந்தைகளை உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள்.

குளிர்ப் பிரதேசத்து லில்லிகளில் இது இன்னும் பெரிதாக வரும். ஒரே பட்டைத் தண்டில் பல டஜன் மொட்டுகள் அடைந்து நிற்கும். மறு வருஷம் அதே கிழங்கு பெரும்பாலும் பழையபடி உருண்டைத் தண்டுதான் விடும். குருத்து இளசாக இருந்தபோது பட்ட அடி, திடீர்க் குளிர், பூச்சிக் கடி, உயிரணு பிரியும்போது நேர்ந்த தற்செயலான பிசகு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு செடியைப் பார்த்து இன்னதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இதே பட்டைக் குருத்து விதை வழியாகவும் தொடர்கிற செடி ஒன்று உண்டு. அதை நாம் மாலையில் கட்டிச் சாமிக்கே சாற்றுகிறோம். கோழிக்கொண்டை! அந்தச் சுருண்ட வெல்வெட்டுக் கொண்டை, பிறழ்ந்த குருத்தை மனிதர்கள் விரும்பித் தேர்ந்து, விதை எடுத்துக் காப்பாற்றி வந்ததுதான். ஆகாத பூ என்று ஒன்று இருந்திருந்தால் கோழிக்கொண்டைக்குப் பூக்கடையில் இடம் கிடைத்திருக்காது.

நம் டெல்டா விவசாயிக்குச் செடியின் விகாரம் புதிதும் இல்லை. ஆனைக்கொம்பன் தெரியாத சம்பாக்காரர் யார்? கொசுவைப் போன்ற ஒரு சின்ன ஈயின் புழு நெற்பயிரின் குருத்தடிக்குப் போய்த் தின்ன, அந்தத் தூர் வெங்காயத் தாள்போல உள்ளே கூடாக, வெள்ளிநிறக் குழலாக நீண்டுவிடும். அதில் கதிர் வராது. ஜப்பானிய நெல்வயல்களில் இன்னொன்று நடந்தது. நாற்று வெளிறி, மற்றவற்றை மீறி உயர்ந்து, பிறகு பட்டுப்போகும். எய்ச்சி குரோசாவா என்ற ஆய்வாளர் 1926-ல், இது ஒரு பூஞ்சை கக்கும் பொருளின் வேலை என்று காட்டினார். பூஞ்சையை வடிகட்டி எடுத்த நீரே நாற்றை நெடுநெடுவென்று வளர்த்தது. அந்தப் பொருளுக்கு 1935-ல் ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார்கள். இன்று விதையில்லாத் திராட்சையைப் பருக்க வைக்கத் தெளிப்பது அதைத்தான். நோய் கண்ட பயிரை ஒருவர் பிடுங்கி எறியாமல் உற்றுப் பார்த்ததால் கிடைத்த வரவு அது.

ஆகவே லில்லி கோணினால் முதலில் பார்க்க வேண்டியது, கோணியது ஒரு செடியா, பல செடியா என்பதைத்தான். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் தற்செயல், விட்டுவிடலாம். இலையில் வெளிர்ப்பச்சைக் கோடுகள் ஓடி, இலை முறுக்கி, பூ ஒருபக்கமாகச் சூம்பி வந்தால் வைரஸ் என்று சந்தேகப்படுங்கள். அசுவினி அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும், மருந்தும் கிடையாது. அந்தச் செடியை மட்டும் கிழங்கோடு எடுத்து எரித்துவிடுவதே நல்லது. மண்மட்டத்தில் முட்டைக்கோஸ் மாதிரி குட்டைத் தளிர்கள் கொத்தாகத் திரண்டிருந்தால் அது ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அந்தக் கிழங்கிலிருந்து பக்கக் கிழங்கு பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள். கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புத் திட்டுமாகப் புழுக்கள் கூட்டமாக மேய்ந்தால் அது லில்லி அந்துப்பூச்சியின் புழு. குருத்தைக் கடித்துவிட்டால் அடுத்து வருவது கோணலாகத்தான் வரும். கையாலேயே பொறுக்கி எடுத்துவிடலாம். கோடையில் நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது இலை நுனியைக் கருக்கும். தண்டு பட்டையானதற்கு அதன்மேல் பழி போட வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது மருந்து அடிக்கும் டேங்க். குறுவைக்குக் களைக்கொல்லி அடிக்கும் நேரம் இது. டூ-ஃபோர்-டி என்ற களைக்கொல்லி செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போலவே நடிக்கும். நெல் தாங்கிக்கொள்ளும், அகன்ற இலைச் செடி முறுக்கிச் சாகும். வயலில் அடித்த டேங்கை ஒரு தடவை அலசிவிட்டு, அதிலேயே பூச்சிமருந்து கலந்து வீட்டுக் கொல்லையில் அடிக்கிறோம். ஒட்டியிருந்த சொற்ப மிச்சம் போதும், கத்தரி, தக்காளி, ரோஜா எல்லாம் ஒரே வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். லில்லி கொஞ்சம் தாங்கும், ஆனாலும் இளங்குருத்து தப்பாது. திருவாரூர் மாவட்டத்துப் பருத்திக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்து பட்டால் பருத்தி இலை வெண்டை இலைபோலக் குறுகிக் கிழிபட்டு நிற்கும். கொல்லையில் ஒரே பக்கத்துச் செடிகள் எல்லாம், வகை வேறுபாடின்றி, ஒரே சமயத்தில் கோணினால் வேறு எங்கும் தேட வேண்டாம், டேங்கைப் பாருங்கள்.

கிழக்கே வேதாரண்யம் பக்கத்து மணலில் வேலியோரம் படர்வதும், மருந்துக்காகப் பயிராவதுமான ஒரு கொடியையும் சொல்லியாக வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தள். லில்லிகளுக்குச் சொந்தம். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வோம். கிழங்கு கவைபோலப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு முளைக் கண். தோண்டும்போது முனை உடைந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. அதன் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் கால்ச்சிசின் கீல்வாத மருந்தாகிறது. அதே பொருள் செடிகளின் உருவத்தையும் மாற்றவல்லது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்கள் விலகிப் போக முடியாமல் அது தடுத்துவிடும். உயிரணு இரட்டைக் குரோமோசோம்களோடு நின்றுவிடும். ஆல்பர்ட் பிளேக்ஸ்லி 1937-ல் அமெரிக்காவில் இதைக் காட்டியது நம் ஊமத்தையின் இனத்துச் செடியில். அப்படிச் செய்த செடிகளில் தொடக்கத்தில் இலை தடித்துக் கோணும், பின்னால் பூ பெரிதாகும். விதையில்லாத் தர்பூசணி வந்த வழியும் இதுதான். இவ்வளவு வல்லமை உள்ளது உயிரையும் குடிக்கும். சர்க்கரைவள்ளி என்று நினைத்து யாரும் அந்தக் கிழங்கை வாயில் வைத்துவிடக் கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வளர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். தண்டு வாடியதும் கிழங்கை அசைக்காமல் அப்படியே விடுங்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் என்ன வருகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற வாசகர்களும் இப்படி ஏதாவது கண்டால், பிடுங்குவதற்கு முன் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை செடி கோணியிருக்கிறது, இலையில் கோடு உண்டா, பக்கத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும். களைக்கொல்லி டேங்க் வயலோடு இருக்கட்டும். பூச்செடிக்கென்று சின்னதாக ஒரு தெளிப்பான் தனியாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்