கார் என்னுடையது, ரகசிய எண் யாருடையது?

அம்பாசிடர் காலத்தில் பாயிண்ட் இடைவெளி வைக்க ஒரு ஃபில்லர் கேஜ் போதும். அதுவும் கையில் இல்லாதவர்கள் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து நுழைத்து அளவு பார்த்தார்கள். வண்டி ஓடத்தான் செய்தது. இன்றைய காரில் வேலை தெரிந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டி, "நீ யார்?" என்று கேட்கிறது. சரியான எண்ணைச் சொன்னால்தான் கை வைக்க விடும். அந்த எண் காரை வாங்கியவருக்கும் தெரிய வேண்டுமா, கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? வாங்கியவருக்கும் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எல்லா எண்ணும் அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், வீட்டில் வேலை பார்ப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். காரில் "கோட்" என்று சொல்லப்படுவதெல்லாம் ஒன்றல்ல. டீசல் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் எழுத்தும் எண்ணுமாக அச்சடித்திருப்பதை ஈ.சி.யூ.வில் ஏற்ற வேண்டும். அது ரகசியமே இல்லை. இந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடும் என்பதற்கான ஜாதகம், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றினால் சில ரேடியோக்கள் கேட்கும் எண் திருட்டுக்குப் பயந்து வைத்தது. இம்மொபிலைசர் எண்ணும் அப்படியே. மூன்றாவது ரகம்தான் நம் விஷயம்: காலிபரேஷன் செய்யப் போகும்போது பெட்டி கேட்கும் அனுமதி எண்.

இது வேலை செய்யும் விதம் இரண்டு. பழைய சில ஐரோப்பிய கார்களில் ஐந்து இலக்க எண் ஒன்றை அடித்தால் போதும். அந்த மாடல் கார் அத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே எண். அதனால் அது ரகசியமாகவும் நிலைக்கவில்லை. சில சாஃப்ட்வேரில் மவுஸைக் கொண்டுபோனால் அதுவே எண்ணை எடுத்துக் காட்டும். புதிய கார்களில் ஐ.எஸ்.ஓ. 14229 என்ற தரத்தின்படி பெட்டி ஒரு எண்ணைக் கொடுக்கும். ஸ்கேனர் அதை வைத்து ஒரு கணக்குப் போட்டு விடையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கணக்கு கம்பெனிக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று தடவை தப்பாகச் சொன்னால் பெட்டி கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். நம் ஊர் ஏ.டி.எம். மாதிரி.

பக்கத்து வீட்டுத் தம்பி எட்டு வருஷப் பழைய ஐரோப்பிய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். டை ராடு மாற்றி வீல் அலைன்மென்ட் செய்த பிறகு ஈ.எஸ்.பி. விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டியரிங் கோண சென்சாருக்கு நடு எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு சர்வீஸ் சென்டரில் கேட்டால், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், மூன்று நாள் ஆகும் என்றார்கள். வேலை என்னவோ கால் மணி நேரம்தான். அவன் லேப்டாப்பும் கேபிளுமாக வந்து நின்றான்.

"அங்கிள், நெட்ல இந்த நம்பர் போட்டிருக்காங்க. அடிச்சுடட்டுமா?"

"நம்பர் இருக்கட்டும் தம்பி, அலைன்மென்ட் ரிப்போர்ட் எங்கே?"

அதைப் பார்த்தோம். பேட்டரி வோல்டேஜைப் பார்த்தோம். பிறகு மேடுபள்ளம் இல்லாத நேர் ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்டியரிங்கை அசைக்காமல் நிறுத்தி, அப்புறம்தான் எண்ணை அடித்தான். விளக்கு அணைந்தது.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்றால், சில டிகிரி கோணலாக நின்றாலும் பெட்டி அதையே நடு என்று ஏற்றுக்கொண்டுவிடலாம். விளக்கும் அணைந்துவிடும். மழை நாளில் நேராகப் போகும் வண்டியைத் திரும்புவதாக நினைத்து ஈ.எஸ்.பி. ஒரு பக்கத்து சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? எண் கதவைத் திறக்கும். உள்ளே போய் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது.

இதையே காரணம் காட்டி, "அதனால்தான் எண்ணை மறைத்து வைக்கிறோம்" என்பார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. பிரேக் ஷூவைத் தப்பாக மாட்டினாலும் உயிர் போகும். பிரேக் டிரம்முக்கு யாரும் ரகசிய எண் வைக்கவில்லையே! செய்முறையோடு சேர்த்து எண்ணையும் கொடுத்தால் ஆள் ஒழுங்காகச் செய்வான். மறைத்தால் எவனோ எங்கோ எழுதியதைப் பார்த்துப் பாதியாகச் செய்வான். ஆபத்து எதில் அதிகம்?

நம் நாட்டில் இது புது வழக்கும் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. அதன்பின் மேல்முறையீடு, கோர்ட் என்று இழுத்தது வேறு கதை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே ஓட்டுப் போட்டு, ரிப்பேர் உரிமைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

சாவி, இம்மொபிலைசர் விஷயத்தில் மட்டும் நான் கம்பெனிகள் பக்கம். அந்தக் கணக்கு வெளியே போனால் தெருவில் நிற்கும் வண்டி காலையில் இருக்காது. ஆளைச் சரிபார்த்து, வண்டி அவருடையதுதானா என்று பார்த்துக் கொடுக்கட்டும். ஏர்பேக்கிலும் வீட்டுப் பரிசோதனை வேண்டாம் என்பேன். எண் கிடைத்தாலும் சரி. ஆனால் ஸ்டியரிங் கோணம், எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கை பேட் மாற்றுவதற்காகத் தளர்த்துவது போன்றவற்றை ஏன் பூட்ட வேண்டும்? அந்த எண்களையும் செய்முறையையும் ஆர்.சி.யோடு ஒரு தாளில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன், இரண்டாவது சாவியோடு ரேடியோ எண்ணும், சாவியோடு வந்த எண் அட்டை ஏதாவது இருந்தால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலரும் அதை முதல் சர்வீஸ் பில்லோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அதை இன்ஷூரன்ஸ் ஃபைலின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். காருக்குள் வைக்காதீர்கள்.