“நான்” என்றால் யார்?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் எங்கள் வேங்கிக்காலில், சாலையோரக் கடையொன்றில் மத்ரஸாப் பிள்ளைகளுக்காக மசால் வடை வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்தால், எண்ணெய்க் கறைக்கு நடுவே ஒரு பெண்மணியின் முகம்! யாரோ ஒரு சகோதரியின் ஆதார் அட்டை நகல். பெயர், கணவர் பெயர், கதவு எண், பிறந்த தேதி, பன்னிரண்டு இலக்க எண், அடியில் அவரது கையொப்பம்.

“ஹஜ்ரத், இவங்க யாரு?” என்று கேட்டான் ஒரு சிறுவன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அது எங்கிருந்து பழைய காகிதத்துக்குப் போயிற்றோ, யாம் அறியோம். எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் சற்றே சிந்தித்துப் பாருங்கள். சிம் கார்டு வாங்கும்போது ஒரு நகல், விடுதியில் அறை எடுக்கும்போது ஒரு நகல், தவணைக் கடனுக்கு ஒரு நகல் என்று எத்தனை கைகளில் கொடுத்திருக்கிறோம்! அந்நியர் பார்வை படக்கூடாதென்று வாசலில் திரை தொங்கவிடும் நாம், வீட்டின் விவரம் அனைத்தையும் ஜெராக்ஸ் கடை மேசையில் விட்டுவிட்டு வருகிறோம்.

இப்படி ஆங்காங்கே தரும் நகல் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகமே 2022 மே மாதம் எச்சரித்தது. மக்கள் பீதியடையவே இரண்டு நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போயிற்றே தவிர, அதில் சொன்ன வழி இன்றும் நம் கையில் இருக்கிறது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி, மற்றவை மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். முழு நகலே கேட்டால், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் தருகிறோம் என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிட்டுத் தரலாம். ஒரு வரி எழுதச் சோம்பலா நமக்கு?

தாளில் தொடங்கிய வேதனை, சில நாளில் தொலைபேசி வழியாக எங்கள் தெருவுக்கே வந்தது. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். ஹஜ்ஜுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. ஒருநாள் முற்பகல் அவருடைய பேத்தி மத்ரஸாவுக்கு ஓடி வந்தாள். “நன்னிமா கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அழுவுறாங்க” என்றாள். என் மனைவியை அழைத்துக்கொண்டு விரைந்தேன். நான் திண்ணையில் நிற்க, அவர் உள்ளே போனார்.

கைபேசித் திரையில் காவல் உடையில் ஒருவன். மகன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். நன்னிமாவைக் கைது செய்துவிட்டானாம். திரையை விட்டு அகலக்கூடாதாம். எவரிடமும் வாய் திறக்கக்கூடாதாம். வங்கிப் பணத்தைச் ‘சோதனைக்காக’ அவன் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். அவருடைய ஆதார் எண்ணையும் கதவு எண்ணையும் அவனே ஒப்பித்தான். அதைக் கேட்டுத்தான் அந்தத் தாய் நம்பிவிட்டார்.

“உங்கள் பெயர் என்ன? எந்தக் காவல் நிலையம்?” என்று என் மனைவி கேட்டார். “நான் போலீஸ்!” என்று அதட்டினான். மீண்டும் கேட்டார். மீண்டும் அதே “நான்”. இணைப்பைத் துண்டித்துவிட்டு, 1930 என்ற எண்ணில் புகார் செய்தோம். பணம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் நடுக்கம் தீராத அந்த மூதாட்டி கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது: “போலீஸ்காரரைக் கேள்வி கேட்டா தப்பில்லையா, ஹஜ்ரத்?”

இக்கேள்விக்கு விடை புகாரி ஷரீபிலேயே இருக்கிறது. ஜாபிர் (ரலி) அவர்கள், தம் தந்தையின் கடன் விஷயமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். யாரென்று கேட்கப்பட்டபோது “நான்” என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பதிலை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. கதவைத் தட்டியவர் நெருங்கிய தோழர். வந்த காரியமும் நியாயமானது. அப்படியிருந்தும் வெறும் “நான்” போதவில்லை. அவ்வாறிருக்க, முகமறியாத ஒருவன் காக்கி உடையில் வந்து “நான்” என்றால் மட்டும் போதுமா?

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த டி.கே. பாசு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைது செய்யும் காவலர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவை உள்ளன. சாட்சியாக விசாரிக்கப் பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லக்கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. கைபேசித் திரையில் கைது செய்வதென்பது எந்தச் சட்டத்திலும் கிடையாது.

ஆக, உண்மை அதிகாரிக்குப் பெயருண்டு, இடமுண்டு, எழுத்துண்டு, சாட்சியுண்டு. பொய்யனிடம் இருப்பவை மூன்று: அவசரம், இரகசியம், பணம். இம்மூன்றும் ஒருசேர வந்தால், பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி கேட்பது அதிகாரத்தை அவமதிப்பதாகாது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. இரவு ரோந்தின்போது ஒரு வீட்டில் சந்தேகமான சப்தம் கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றார்கள். வீட்டுக்காரரோ, தாம் செய்த தவறு ஒன்று, கலீபா செய்தவை மூன்று என்றார்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. மாபெரும் ஆட்சியாளர் அதை ஏற்றுத் திரும்பினார்கள்.

நம் காலத்திலும் ஒரு முதியவர் அவ்வாறு கேட்டார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பரில், அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதார் செல்லும்; வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமாக்கக்கூடாது என்று மற்றொரு தீர்ப்பு வந்தது.

இனி, பிறரைச் சொன்ன வாயால் என்னையும் சொல்லிக்கொள்கிறேன். வடைப் பொட்டலத்தைக் கண்டு வேதனைப்பட்ட நான், எங்கள் மத்ரஸாவில் என்ன செய்திருந்தேன்? பிள்ளைகளின் ஆதார் நகல்களைத் திறந்த அலமாரியில், பழைய பாடப் புத்தகங்களோடு அடுக்கி வைத்திருந்தேன்! அன்றிரவே எடுத்துப் பூட்டிய பெட்டியில் வைத்தேன். தேவையற்றவற்றைப் பெற்றோரிடமே திருப்பித் தந்தேன். அவை நம் கையில் தரப்பட்ட அமானிதங்கள் அல்லவா?

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ரமலானில் அரிசிப் பை வாங்கும் விதவைத் தாயை நிற்கவைத்துப் படம் பிடித்துக் கைபேசிக் குழுவில் பரப்புகிறோமே, அவரிடம் சம்மதம் கேட்டோமா? பசித்தவர் மறுத்துப் பேசமாட்டார். அதனாலேயே நம் பொறுப்பு கூடுகிறது. கணக்குக்குப் பற்றுச்சீட்டு போதும், முகம் வேண்டாம்.

தாய்மார்களே! கதவைத் தட்டி ஸலாம் சொல்லி, அனுமதி பெற்று நுழையப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறீர்கள். அதோடு இதையும் கற்றுத் தாருங்கள்: கதவைத் தட்டுகிறவரிடம் “யார் நீங்கள், எதற்காக?” என்று பணிவோடு, ஆனால் பயமின்றிக் கேட்க வேண்டும்.

நன்னிமா இப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், முதலில் பெயரைக் கேட்கிறாராம். பேத்தி சொல்லிச் சிரித்தாள்.

அல்லாஹ் நம் இல்லங்களையும், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.