அம்மா எங்கே போனாள்?

பேய்க் கதை என்றால் குழந்தைகள் பயப்படுவார்கள். பெரியவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு பேய்க் கதையைப் பார்த்து நான் அழுதேன். பேயைக் கண்டு அல்ல. ஒரு தாயின் சாவைக் கண்டு!

அது ஓர் அமெரிக்க டெலிவிஷன் தொடர். அதன் பெயர், "பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்". ரத்தக் காட்டேரிகளைக் கொல்லும் பஃபி என்று பொருள். 1997-ம் ஆண்டில் தொடங்கி, 2003-ம் ஆண்டில் முடிந்தது. மொத்தம் 144 பகுதிகள். எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவற்றில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி ஒளிபரப்பான பகுதி அது. அதன் பெயர், "உடல்".

யார் இந்தப் பஃபி?

பஃபி ஓர் இளம்பெண். கலிபோர்னியாவில் சன்னிடேல் என்ற கற்பனை ஊரில் வசிக்கிறாள். அந்த ஊருக்கு அடியில் நரகத்தின் வாசல் இருக்கிறது! ஆகவே, காட்டேரிகளுக்கும் பூதங்களுக்கும் அங்கே பஞ்சம் இல்லை.

பகலில் பஃபி படிப்பாள். இரவில் கல்லறைத் தோட்டத்தில் காவல் இருப்பாள். கூரான மரக்கட்டையை நெஞ்சில் பாய்ச்சினால் போதும். காட்டேரி தூள் தூளாகிவிடும்.

அவளுக்கு ஒரு தாய், ஜாய்ஸ். ஒரு தங்கை, டான். தோழி வில்லோவுக்கு மந்திரம் தெரியும். இன்னொருத்தி ஆன்யா. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பூதமாக வாழ்ந்து, பிறகு மனுஷியாக மாறியவள்!

இப்படிப்பட்ட கதையில் தாய் இறந்தால் என்ன செய்வார்கள்? மந்திரம் போட்டு எழுப்பிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்?

அதுதான் இல்லை.

பகலில் வந்த சாவு

ஜாய்சுக்கு மூளையில் கட்டி இருந்தது. ஆபரேஷன் செய்து அதை எடுத்துவிட்டார்கள். அவள் தேறினாள், சிரித்தாள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஒரு நாள் பகலில் பஃபி வீட்டுக்கு வருகிறாள். "அம்மா!" என்று கூப்பிடுகிறாள். பதில் இல்லை. தாய் சோபாவில் கிடக்கிறாள். கண்கள் திறந்தபடி இருக்கின்றன.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துவிட்டாள். எந்தக் காட்டேரியும் அவளைக் கடிக்கவில்லை. எந்தப் பூதமும் அவளை அடிக்கவில்லை. நம் தெருவில் யாருக்கும் வரக்கூடிய சாவுதான் அவளுக்கும் வந்தது.

நூறு காட்டேரிகளைக் கொன்ற கைகள், தாயின் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்க்கின்றன. தாய் கண் விழித்துப் பேசுவதுபோல ஒரு காட்சி வருகிறது. மறுநிமிடம் அது வெறும் நினைப்பு என்று தெரிந்துவிடுகிறது.

இந்தப் பகுதியில் பின்னணி இசையே கிடையாது. சோக வாத்தியம் எதுவும் நம்மை அழச் சொல்லவில்லை. பஃபி கொல்லைக் கதவைத் திறக்கிறாள். வெளியே குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. உலகம் தன் பாட்டுக்கு நடக்கிறது!

ஒரு சொல்

பஃபிக்குக் குருவாக இருக்கும் ஜைல்ஸ் ஓடி வருகிறார். ஜாய்சைத் தூக்கி எழுப்பப் பார்க்கிறார். "உடலை நகர்த்தக் கூடாது" என்ற பொருளில் பஃபி கத்துகிறாள். கத்திய பிறகுதான், தான் சொன்ன சொல் அவளுக்கே உறைக்கிறது. அப்படியே வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

காலையில் அம்மா; மாலையில் உடல்! நம் ஊரிலும் அப்படித்தானே? உயிர் போனதும் பெயர் போய்விடுகிறது. "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்றுதானே கேட்கிறோம்?

இந்தப் பகுதியை எழுதி இயக்கியவர் ஜாஸ் வீடன். தம்முடைய தாயை இழந்த துயரத்தை மனதில் வைத்து இதை எழுதினார்.

பூதத்தின் கேள்வி

சாவு வீட்டில் என்ன பேசுவது? எல்லோருக்கும் உள்ள சங்கடம் இது.

வில்லோ, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்று தெரியாமல் தவிக்கிறாள். ஒன்றைப் போடுகிறாள், கழற்றுகிறாள், அழுகிறாள். அவளுடைய நண்பன் ஸாண்டர் கோபத்தில் சுவரைக் குத்துகிறான். கை சுவருக்குள் போய்விடுகிறது.

ஆன்யா மட்டும் ஏதேதோ கேட்கிறாள். கேட்கக் கூடாததை எல்லாம் கேட்கிறாள். வில்லோ அவளைக் கடிந்துகொள்கிறாள். அப்போது ஆன்யா உடைந்துபோகிறாள். "நேற்றுவரை இருந்தவள் இன்று ஏன் எழுந்திருக்கவில்லை? இனி அவள் சாப்பிடமாட்டாளா? தலை வாரமாட்டாளா? எனக்கு ஒன்றும் புரியவில்லையே!" இதுதான் அவள் அழுகையின் சாரம். ஆன்யாவாக நடித்தவர் எம்மா கால்பீல்டு.

ஆயிரம் வயதுப் பூதம் குழந்தையைப் போலக் கேட்கிறது. யாருக்கும் பதில் தெரியவில்லை!

தங்கையிடம் சொன்னாள்

நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

பஃபி தன் தங்கையின் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். சித்திர வகுப்பில் இருந்த டானை வெளியே அழைக்கிறாள். நடந்ததைத் தன் வாயாலேயே சொல்கிறாள். நாம் வகுப்புக்குள் இருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம். பேச்சு நமக்குச் சரியாகக் கேட்கவில்லை. டான் தரையில் சரிந்து அழுவது மட்டும் தெரிகிறது.

"அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று பஃபி பொய் சொல்லவில்லை.

எனக்கு 6 வயதில் பாட்டி இறந்தாள். என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்ததும், "பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள்" என்றார்கள். பாட்டியின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. என்னிடம் சொல்லாமல் போய்விட்டாளே என்று அவள்மீது கோபமாக இருந்தேன். உண்மை தெரிந்தபோது பல மாதம் ஆகிவிட்டது. எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். என்னோடு சேர்ந்து அழ ஓர் ஆள் இல்லை.

அன்பினால் சொன்ன பொய்தான். ஆனாலும் அது பொய்தானே?

கடைசிக் காட்சி

டான் ஆஸ்பத்திரியில் பிண அறைக்குள் தனியாகப் போகிறாள். அங்கே ஒரு காட்டேரி எழுகிறது. பஃபி ஓடிவந்து அதைக் கொல்கிறாள். காட்டேரியை வெல்ல அவளால் முடிந்தது. பக்கத்தில் கிடந்த தாயை எழுப்ப முடியவில்லை.

"இது அம்மா இல்லை, அம்மா போய்விட்டாள்" என்கிறாள் அக்காள். "எங்கே போனாள்?" என்று கேட்டுக்கொண்டே டான் கையை நீட்டுகிறாள். விரல் தாயின் முகத்தைத் தொடும் முன்பே காட்சி முடிந்துவிடுகிறது.

அடுத்த பகுதியில் டான் மந்திரத்தால் தாயை எழுப்பப் பார்க்கிறாள். வீட்டு வாசலில் காலடிச் சத்தமும் கேட்கிறது. அக்காள் ஆசையோடு கதவைத் திறக்க ஓடுகிறாள். அதற்குள் டான் தாயின் படத்தைக் கிழித்து மந்திரத்தை முறித்துவிடுகிறாள். வாசலில் யாரும் இல்லை. அக்காளும் தங்கையும் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். உண்மை தெரிந்த குழந்தை, தானாகவே விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொண்டது!

டானாக நடித்த மிஷெல் டிராக்டன்பர்க் 2025-ம் ஆண்டு பிப்ரவரியில், 39-வது வயதில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று இந்தப் பகுதியை மறுபடி பார்த்தேன்.

வீட்டில் சாவு நடந்தால் குழந்தையை ஒளித்துவைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். "எங்கே போனாள்?" என்று அது கேட்கும். "எனக்கும் தெரியவில்லை, கண்ணே!" என்று சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

அப்புறம், அதனோடு சேர்ந்து அழுங்கள்.