கதைக்குள்ள சனம் இருக்கோ?

ஈழத்து நாவல் ஒன்றைக் கையில் எடுத்தால் எங்கட வட்டத்தில் முதலில் வருகிற கேள்வி, "ஆள் எந்தப் பக்கம்?" என்பதுதான். ஆதரவா, எதிரா? பதில் தெரிஞ்சால் போதும், அரைவாசிப் பேர் புத்தகத்தைத் திறக்காமலே விமர்சனம் எழுதி முடிச்சிடுவினம். எங்களுக்கு இந்தக் கேள்வி அலுத்துப்போச்சு.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம் படிக்கிற வன்னிப் பிள்ளைகள். 2009 இல் எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. பங்கர் ஞாபகம் இருக்கு, தறப்பாள் ஞாபகம் இருக்கு. ஆனால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதையெல்லாம் பெரும்பாலும் நாவல்களில்தான் வாசிச்சு அறிஞ்சோம். வீட்டில் ஆரும் பெரிசாக வாய் திறக்கிறேல்லை. ஆகவே நாவல்கள் எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை. அவற்றிடம் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கதைக்குள்ள சனம் இருக்கோ?

அந்தக் கேள்விக்கு எங்களுக்கு அளவுகோல் பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. கதை நடக்கிற இடம் முல்லைத்தீவுத் தண்ணிமுறிப்பு. இன்றைக்குக் குருந்தூர்மலைப் பிணக்கோடு செய்திகளில் அடிபடுகிற அதே தண்ணிமுறிப்புத்தான். அந்த மண்ணில் காடு வெட்டி, விதைச்சு, காதலிச்சு, சந்தேகப்பட்டு வாழ்ந்த மனிசர் அதில் இருக்கினம். செய்தியில் வெறும் இடப்பெயராக வருகிற ஊர் அங்கே உயிரோடு இருக்கு.

போர் பற்றிய நாவல்களில் நாங்கள் முதலில் வைப்பது தமிழ்க்கவி அம்மாவின் 'ஊழிக்காலம்' (2013). வசன நடையில் குறை சொல்லலாம், தொகுத்தவர் இன்னும் கொஞ்சம் கத்தரிச்சிருக்கலாம். ஆனால் பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இடம் இடமாக ஓடுகிற ஒரு அம்மம்மாவின் கண்ணால் போரைப் பார்க்கேக்க, அரிசி என்ன விலை, எதை விட்டிட்டு எதைத் தூக்கினம் என்ற கணக்குத்தான் பெரிய அரசியலாகுது.

சயந்தனின் 'ஆதிரை' (2015) இன்னொரு கதவைத் திறக்குது. இனக்கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறின சனத்தை அது கதையின் நடுவில் வைக்குது. "வன்னி மக்கள்" எண்டு ஒரே சொல்லில் நாங்கள் கட்டி வைச்ச மூட்டையை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லுது. கிளிநொச்சியில் காணி உறுதி இல்லாமல் இன்றைக்கும் அலைகிற குடும்பங்கள் ஆர் என்று பார்த்தால், இந்த நாவல் ஏன் முக்கியம் என்று விளங்கும்.

ஷோபாசக்தியின் 'பொக்ஸ் கதைப் புத்தகம்' (2015) பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை. கதை சொல்லத் தெரிஞ்ச மனிசன், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கொடூரம் ஒன்றன்மேல் ஒன்றாக வரேக்க மனம் மரத்துப்போகுது. பிறகு வருகிற மனிசரின் முகம் மங்கிப்போகுது. இது "பக்கம்" பற்றின குறை இல்லை, கதை பற்றின குறை. தீபச்செல்வனின் 'நடுகல்' (2018) மறுகரையில் நிற்கிற புத்தகம். போராடப் போன அண்ணனைத் தேடுகிற ஏக்கம் நெஞ்சைப் பிடிக்குது. ஆனால் எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தால் அவர்கள் எங்கட பக்கத்து வீட்டார் போல இல்லையே. எங்கட பக்கத்து வீட்டில் வேலிச் சண்டையும் இருக்கு.

சரி, 2009 மேக்குப் பிறகு? அதைத் தொட்ட நாவல்களில் உலகம் அதிகம் வாசிச்சது அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதின 'எ பாசேஜ் நோர்த்'. 2021 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. கொழும்பிலிருந்து ஒரு இளைஞன், தன் பாட்டியைப் பராமரிச்ச ராணியின் செத்தவீட்டுக்காகக் கிளிநொச்சிக்கு ரயிலில் வாறான். ராணி போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். அழகான எழுத்து, ஆறுதலாக வாசிக்கவேணும். ஆனால் நாவல் முழுக்க நேரடி உரையாடலே இல்லை. ராணியை அவன் யோசிக்கிறான், ராணி வாய் திறந்து கதைக்கிறதை நாங்கள் கேட்கேல்லை. ரயிலில் வந்து பார்க்கிறவரின் வன்னி அது. ஸ்டேசனில் இறங்கி வீட்டுக்குப் போகிறவரின் வன்னி இன்னும் எழுதப்படக் காத்திருக்கு.

போர் முடிஞ்சு கன வருசம். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் குந்தினவை. படத்தைப் பிடிச்சபடியே செத்துப்போன அம்மாக்கள் எத்தனை பேர்! நுண்கடன்காரன் வாற நாளில் படலையைச் சாத்துகிற அக்கா, விடியப்புறம் காமென்ற்ஸ் பஸ்ஸுக்கு நிற்கிற பெட்டையள், முன்னாள் போராளி எண்டு தெரிஞ்சால் வேலை குடுக்கத் தயங்குகிற ஊர். இவையெல்லாம் அறிக்கைகளில் இருக்கு. நாவலில் தேடினால் கை விட்டு எண்ணலாம்.

எழுதினாலும் அச்சடிக்கிறது பெரும்பாலும் சென்னையில். இங்கே வந்து சேரேக்க விலை எங்கட ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு. அதனால் எங்கட கதையை நாங்களே கடன் வாங்கித்தான் வாசிக்கிறம்.

புதுசாக வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு எங்கட வரிசை: 'நிலக்கிளி', 'ஊழிக்காலம்', 'ஆதிரை'. மற்றதுகளையும் விடாதேங்கோ, வாசிச்சுப்போட்டுச் சண்டை பிடியுங்கோ. எழுத ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று மட்டும்: மே 18 இல் கதையை முடிச்சிடாதேங்கோ. 19 ஆம் திகதியும் சனத்துக்குப் பசிச்சது. அங்கேயிருந்து தொடங்குங்கோ.