உண்பது இரண்டு இட்டிலி, கொடுப்பது எதற்கு?

விரைவுணவு என்பது மேலைநாட்டார் கண்டு கொடுத்த புதுமை என எண்ணுவார் பலர். புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. மதுரைக்காஞ்சியின் கடைத்தெருவிலும் கூவியர் உளர். ஆகலின், வெளியில் வாங்கி உண்பது தமிழர்க்குப் பழக்கமில்லாத செயலன்று, இழிவும் அன்று. உண்மையில் இழிவாயிருந்தது உணவகத்தின் பெயர்ப்பலகையில் ஒரு சாதியின் பெயரைப் பொறித்து வைத்ததே. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அப்பலகையை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். எவரும் எவர் அருகிலும் அமர்ந்து உண்ணும் இடமாக உணவகம் ஆனமைக்குப் பின்னால் இத்தகைய போராட்டங்கள் நின்றன. அன்று சாதி மறித்த அவ்வாயிலை இன்று விலை மறிக்கின்றது.

நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று மாலையில் ஓர் எளிய உணவகத்தில் நுழைந்து வெளிவந்தால், ஐந்நூறு உருபா கரைந்து விடுகின்றது. குளிர்காற்றுக் கூடமாயின் ஆயிரமும் போதாது. 'இவ்வளவு கொடுத்து உண்பது தகுமா?' எனும் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்துவிட்டது. எழுந்ததும் பழி கடைக்காரர் தலையில் விழுகின்றது. பழியைச் சுமத்துமுன் கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

ஒரு கிலோ இட்டிலி அரிசிக்குக் காற்கிலோ உளுந்து சேர்த்து அரைத்தால் நாற்பது இட்டிலிக்குக் குறையாது. அரிசியும் உளுந்தும் சேர்ந்து ஏறக்குறைய நூறு உருபா எனக் கொண்டால், ஓர் இட்டிலியின் மாவுக்கு இரண்டரை உருபா. சட்டினிக்கும் சாம்பாருக்கும் அதே அளவு கூட்டினாலும் ஐந்தே உருபாதான்! தெருவோரத்து அம்மையார் அதனைப் பத்து உருபாவுக்கு விற்கின்றார். பெரிய உணவகத்தில் இரண்டு இட்டிலி ஐம்பது உருபாவைத் தொடுகின்றது. இடைப்பட்ட தொகை கடைக்கான குடிக்கூலி, விளக்கு, ஆள்கூலி, எரிவளி, வரி என்று பலவாகப் பிரிந்து போகின்றது. இவற்றுள் ஆள்கூலி உயர்ந்ததைப் பற்றி மட்டும் எவரும் முணுமுணுத்தல் முறையன்று. விடியல் நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி இரவு பதினொரு மணிக்குக் கல்லைக் கழுவும் அவ்வுழைப்பாளி, நெடுங்காலம் குறைந்த கூலிக்கே வேலை செய்தவர். அன்றைய மலிவு அவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட மலிவு என்க.

வரியின் கதை வேறு. 2017 சூலையில் சரக்கு-பணி வரி வந்தபோது உணவகங்களுக்கு 12 விழுக்காடு, குளிர்காற்று வைத்திருந்தால் 18 விழுக்காடு என்றனர். மக்கள் கூக்குரலிட்டனர். அவ்வாண்டு நவம்பர் 15 முதல் பெரும்பாலான உணவகங்களுக்கு 5 விழுக்காடு எனக் குறைத்தனர். குறைத்த கை மற்றொன்றையும் எடுத்துக்கொண்டது: உணவகத்தார் தாம் வாங்கும் பொருள்களுக்கும் கொடுக்கும் குடிக்கூலிக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு அன்றோடு நின்றது. கழிக்கவியலாத வரி வேறெங்குப் போகும்? தோசையின் விலைக்குள்தான் போய் ஒளியும். உண்பவர் கண்ணுக்குத் தெரிவது சீட்டின் அடியில் உள்ள 5 விழுக்காடு. தெரியாதது தோசைக்குள் இருக்கின்றது.

வீட்டுக்கே உணவு கொணரும் நிறுவனங்கள் வந்தபின் சுமை இன்னும் பெருகிற்று. உணவகத்தாரிடம் தரகு, உண்பவரிடம் கொணர்கூலி, அதற்கும் மேல் 'தளக் கட்டணம்' என்றொன்று. 2023-இல் சுவிக்கியும் சொமேட்டோவும் இரண்டு உருபா எனத் தொடங்கிய அக்கட்டணம், 2025-க்குள் பத்து உருபாவைக் கடந்துவிட்டது. 2022 சனவரி முதல், வரிப்பதிவே தேவைப்படாத சிறுகடையின் உணவும் இவ்வழியில் வந்தால் 5 விழுக்காட்டு வரி ஏற்கின்றது. தெருமுனைக் கடைக்கு நூறடி நடக்கச் சோம்பியவர் இவ்வளவும் கட்டுகின்றார். இவ்வகை உணவு தகுமா என்றால், நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் தகும்; மற்றையோர்க்குத் தகாது.

1996-இல் தில்லியிலும் மும்பையிலும் கால்வைத்த மெக்டொனால்டு, 2000-களில் உருளைக்கிழங்கு வடையை ரொட்டிக்குள் வைத்து 20 உருபாவுக்குத் தந்து இளைஞரை ஈர்த்தது. இன்று அவ்விலைக்கு அது கிடையாது. பழக்கிவிட்டு ஏற்றுவது வணிகரின் பழைய வழி. வியப்பு அதனிலன்று; நம் ஊர்ப் பொடியிட்டிலியே ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு பளபளக்கும் தட்டில் மும்மடங்கு விலைக்கு வருவதிலும், அதனை மறுபேச்சின்றி வாங்குவதிலும் இருக்கின்றது!

'வீட்டிலேயே சமைத்து உண்க' என்று அறிவுரை கூறுவார் உளர். நல்லறிவுரையே. ஆயின் அதனைக் கூறுவோருள் பெரும்பாலார் ஆடவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். அலுவலகத்திலோ வயலிலோ ஆலையிலோ பகலெல்லாம் உழைத்து வீடு திரும்பும் பெண்ணின் இரண்டு மணிநேரம் அவர்தம் கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை. அதனை எழுதினால் வீட்டு இட்டிலி அத்துணை மலிவன்று. ஆடவர் மாவாட்டவும் ஏனம் கழுவவும் முன்வருவாராயின், இவ்வறிவுரைக்கு ஆற்றல் கூடும்.

இனி, அடுப்பே இல்லாதவர் உளர். கட்டட வேலைக்கு ஊர்விட்டு வந்தோர், ஓரறையில் அறுவராய்த் தங்கும் இளைஞர், இரவுக் காவலர், பேருந்து நிலையச் சுமைதூக்குவோர். இவர்க்கு வெளியுணவு இன்பப்பொருளன்று, அதுவே உணவு. 'தகுமா' என்று கேட்க இவர்க்கு இடமே இல்லை. விலை ஏறினால் ஒருவேளையை விட்டுவிடுவர், அவ்வளவே. 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஓர் இட்டிலியை ஓர் உருபாவுக்கும் சாம்பார்ச் சோற்றை ஐந்து உருபாவுக்கும் தயிர்ச்சோற்றை மூன்று உருபாவுக்கும் தந்தது இவர்களை எண்ணியே. எக்கட்சி தொடங்கியது என்று பார்த்து அதனை வளர்ப்பதும் வாடவிடுவதும் பசித்தவரைப் பார்க்காத அரசியலாகும்.

இவ்வுழைப்பாளிக்கு விற்கும் தள்ளுவண்டிக்காரர் வீட்டு எரிவளி உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்துதல் சட்டப்படி குற்றம். அவர் வணிக உருளையையே வாங்குதல் வேண்டும். வீட்டு உருளைக்கு வரி 5 விழுக்காடு; வணிக உருளைக்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கும் வெண்ணெய்க்கும் வரி 12-இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. நெய்த்தோசை உண்போர்க்கு அது நல்ல செய்தியே. தள்ளுவண்டியின் உருளைக்கோ அன்றும் அதே 18 விழுக்காடுதான்.