எத்தனை வருஷம் படித்தான், என்ன தெரியும்?

1950களின் தொடக்கத்தில் தென்கொரியாவில் போர். பூசான் நகருக்கு அகதிகளாக வந்த பிள்ளைகளுக்குக் கூடாரத்திலும் வெட்டவெளியிலும் பாடம் நடந்தது. மேசை கிடையாது, கரும்பலகை இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தொடக்கப்பள்ளியில். 1960இல் அந்த நாட்டின் தனிநபர் வருமானம் ஏறக்குறைய கானாவுக்குச் சமமாகத்தான் இருந்தது!

பிறகு கொரியா செழித்தது. படிப்பு வந்தால் பணம் வரும் என்று இதை முடித்துவிடலாம். ஆனால் லத்தீன் அமெரிக்கா இடிக்கிறது. 1960இல் வருமானத்திலும் பள்ளியில் கழித்த ஆண்டுகளிலும் கிழக்காசியாவை முந்தி நின்ற பகுதி அது, பிறகு பின்தங்கியது. பொருளாதார அறிஞர்கள் எரிக் ஹனுஷெக்கும் லுட்கர் வோஸ்மனும் சொன்ன காரணம் எளிது: வருகைப் பதிவேடு வளர்ச்சியைத் தராது, பிள்ளைக்குக் கணக்கு வருகிறதா என்பதே கேள்வி. (கொரியாவின் ஏற்றத்துக்கு ஏற்றுமதிக் கொள்கையும் நிலச்சீர்திருத்தமும் கைகொடுத்தன என்பதை மறக்க வேண்டாம்.)

அதை அளக்கும் ஒரு தேர்வு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேச 'பிசா'. அதில் 2012இல் 65 இடங்களில் பெரு கடைசி. அவமானம்தான். ஆனாலும் 2015இல் மறுபடி எழுதியது, மதிப்பெண் ஏறியது.

இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009 சுற்றில் கலந்துகொண்டன. பட்டியலின் அடியில், கிர்கிஸ்தானுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கேள்விகள் நம் மாணவர்களின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றது டெல்லி. 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா அந்தத் தேர்வை எழுதவே இல்லை.